தீட்சை கேட்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீட்சை (குரு ஒருவரை மந்திரம் தந்து வழிபாட்டு நெறிக்குள் ஏற்கும் சடங்கு), குரு, மந்திர உபதேசம் பற்றி வந்த கடிதங்களில் இருந்து சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை சைவ தீட்சை பற்றியவை. வைணவர்களின் தீட்சையான சமாச்ரயணம் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் முறையாகச் சிவபூசை செய்ய ஆசை. அதற்குச் சமய தீட்சை போதும் என்கிறார் ஒருவர். போதாது என்கிறார் இன்னொருவர். எது சரி?
— கரூர் வாசகர்

போதாது என்றவர் சொன்னதுதான் சரி. சைவத்தில் தீட்சை மூன்று படிகளாக வருகிறது: சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை. சமய தீட்சை பெற்றவர் சரியைக்கு உரியவர். ஐந்தெழுத்தை உபதேச முறைப்படி செபிப்பது, நாள்தோறும் அனுட்டானம் (சந்தி வேளைகளில் செய்யும் நியமம்) செய்வது, திருமுறை ஓதுவது, கோயில் தொண்டு ஆகியவை அதில் அடங்கும். குரு எழுந்தருளுவித்துத் தரும் இலிங்கத்தை வைத்துத் தனக்கென ஆன்மார்த்த பூசை செய்வது கிரியை. அதற்கு விசேட தீட்சை வேண்டும். யோக நெறிக்கும் அதுவே வாயில். ஞான நெறிக்கு உரியது நிர்வாண தீட்சை. அதில் குரு மாணவனின் குடுமியிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரு நூலைத் தொங்கவிட்டு, மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை என்ற ஆறு அத்துவாக்களையும் (வினை வந்து சேரும் வழிகள்) அந்த நூலில் வைத்துச் சுத்தி செய்வார். இவற்றுக்கும் மேலே ஆசாரியாபிஷேகம் இருக்கிறது. பிறருக்குத் தீட்சை கொடுக்கும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு.

சமயமும் விசேடமும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனாலும் நீங்கள் முதலில் சமய தீட்சை பெற்று, ஆறு மாதம் அனுட்டானத்தை விடாமல் செய்து பார்த்துவிட்டு விசேடத்துக்குப் போவது நல்லது என்பது எங்கள் எண்ணம். ஆன்மார்த்த இலிங்கத்தை ஏற்றுக்கொண்டால் ஒருநாள் பூசை தவறுவதும் குற்றம். வெளியூர்ப் பயணம், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்குவது எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். படம் வைத்து விளக்கேற்றி, வில்வம் சாத்தி, தேவாரம் பாடி வழிபடுவதற்கு எந்தத் தீட்சையும் வேண்டாம். தீட்சை இல்லை என்பதற்காக இதுவரை செய்துவந்த வழிபாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த மாதம் எனக்குச் சமய தீட்சை. அன்று என்ன நடக்கும்? என்ன கொண்டு போக வேண்டும்? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.
— மயிலாடுதுறை வாசகர்

முதலில் சர்க்கரையைப் பற்றி. தீட்சை முடியும் வரை உணவின்றி இருப்பது வழக்கம். முதல் நாள் இரவும் இலேசான உணவுதான். கிரியை இரண்டு மூன்று மணி நேரம் போகும். முன்கூட்டியே குருவிடமோ மடத்து அலுவலரிடமோ உங்கள் உடல்நிலையைச் சொல்லிவிடுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது; அன்றைக்கு எப்படி எடுப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஓமப் புகைக்குள் உட்கார்ந்து மயங்கி விழுவதுதான் இத்தகைய நாள்களில் அடிக்கடி நேரும் சங்கடம். மூட்டு வலி உள்ளவர்கள் முக்காலி கேட்கத் தயங்க வேண்டாம்.

கொண்டு போக வேண்டியவை: துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டி இரண்டு (ஒன்று உடுக்க, ஒன்று மேலே போர்த்த), பஞ்சபாத்திரம், உத்தரணி, ஒரு சிறு தட்டு, விபூதிப் பை, உருத்திராட்சம். மாலையாக இல்லாவிட்டாலும் நூலில் கோத்த ஒரு மணி போதும். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, உங்களால் இயன்ற தட்சணை. தருப்பையும் பவித்திரமும் பெரும்பாலும் அங்கேயே தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

விநாயகர் பூசை, புண்ணியாகம், கும்ப பூசை, அக்கினி காரியம் இவை முதலில். பிறகு உங்களை யாகசாலை வாயிலில் நிறுத்தி, குரு பார்வையாலும் (நிரீட்சணம்) நீர் தெளித்தும் (புரோட்சணம்) மெல்லத் தட்டியும் (தாடனம்) சுத்தி செய்வார். அதன்பின் வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டி, பூசைக்காக வரைந்த மண்டலத்தின் அருகே அழைத்துப் போவார்கள். கையில் பூ கொடுத்து இடச் சொல்வார்கள். கட்டை அவிழ்த்ததும் நீங்கள் முதலில் காண்பது சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் இடமாக இருக்கும். பூ விழுந்த இடத்தை வைத்துத் தீட்சா நாமம் அமையும். சதாசிவத்தின் ஐந்து முகங்களான ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் இவற்றில் ஒன்றோடு ‘சிவன்’ என்பதைச் சேர்த்து ஈசானசிவன், அகோரசிவன் என்று வரும். தமிழ்நாட்டுச் சிவாசாரியார்கள் இன்றும் பின்பற்றும் பத்ததியை (கிரியை முறை நூல்) 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய அகோரசிவாசாரியாரின் பெயரும் இப்படி அமைந்ததே.

சிவகத்தம் வைப்பது இந்தக் கிரியையின் உயிர். குரு தம் வலக்கையில் சந்தனத்தால் மண்டலம் இட்டு, அதில் சிவனைப் பூசித்து, அந்தக் கையை உங்கள் தலையில் வைப்பார். அந்த நேரத்தில் வேறு நினைவு வேண்டாம். பிறகு ஓமம் நடக்கும்; வலது காதில் ஐந்தெழுத்து உபதேசம் ஆகும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்கத்தில் மேளம் முழங்கும். பத்துப் பேர் வரிசையில் காத்திருப்பார்கள். மந்திரம் சரியாகக் காதில் விழாது. கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ‘உங்களுக்கு என்ன சொன்னார்?’ என்று விசாரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். ‘சுவாமி, இன்னொரு முறை’ என்று கேளுங்கள். நீங்களும் மெல்லச் சொல்லிக் காட்டி, சரிதான் என்று அவர் ஏற்றபின் எழுந்திருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யவோ குறித்துக்கொள்ளவோ வேண்டாம். வீடு திரும்பும் முன் மூன்று விவரங்கள் உங்களிடம் தெளிவாக இருக்க வேண்டும்: மந்திரத்தின் சரியான வடிவம், அந்த மடத்தின் அனுட்டான முறை, குருமரபு வணக்கம்.

தீட்சை பெற்றால் தினமும் எவ்வளவு நேரம் ஆகும்? காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவன் நான்.
— ஓசூர் வாசகர்

பழகிய கைக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிடம். முதல் மாதம் நாற்பது நிமிடம் பிடிக்கும். காலை, நண்பகல், மாலை என்று மூன்று சந்தி சொல்லப்பட்டிருக்கிறது. இயலாதவர் காலையும் மாலையுமாவது செய்ய வேண்டும். நண்பகல் சந்தியை விடலாமா என்பதை உங்கள் குருவிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

குளித்ததும் கிழக்கோ வடக்கோ நோக்கி அமர்ந்து ஆசமனம். உள்ளங்கையில் ஓர் உளுந்து அமிழும் அளவு நீர் எடுத்து, ஆன்ம தத்துவம், வித்தியா தத்துவம், சிவ தத்துவம் ஆகிய மூன்றுக்கும் உரிய மந்திரத்தோடு மூன்று முறை உட்கொள்வது. கை நிறைய நீர் எடுத்து உறிஞ்சிக் குடிப்பது பிழை, சத்தம் வரக்கூடாது. அடுத்து விபூதி தரித்தல், பிராணாயாமம். பிறகு இடக்கையில் நீர் வைத்து, ஒழுகும் துளிகளை வலக்கையால் தலையில் தெளித்துக்கொள்ளும் மார்ச்சனம். மீந்த நீரை வலக்கைக்கு மாற்றி, இடது நாசி அருகே பிடித்து, உள்ளிருக்கும் பாவம் கருநிறமாய் அந்த நீரில் கலந்து வந்ததாகப் பாவித்து இடப்பக்கம் எறிவது அகமருடணம். பிறகு தருப்பணம், ஐந்தெழுத்துச் செபம், குரு வணக்கம், ஒரு பதிகமாவது ஓதுதல்.

செபம் 108 என்பது வழக்கம். நேரம் நெருக்கும் நாளில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், வேகத்தைக் கூட்டக்கூடாது. விரைந்து சொல்லும்போது எழுத்துகள் ஒன்றையொன்று விழுங்கி, மந்திரமே வேறாகிவிடும்.

கை முத்திரைகளைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. அனுட்டானம் தெரிந்த ஒருவரோடு நான்கைந்து நாள் உட்கார்ந்து பழகுங்கள். தீட்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, நாற்பத்தெட்டு நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்து, அரை மணி நேரம் திருமுறை ஓதிப் பாருங்கள். அது முடிந்தால் இதுவும் முடியும். புலால், மது இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பதில் சைவ தீட்சையில் தளர்வு இல்லை. ‘தீட்சை வாங்கினால் தானாக விட்டுப்போகும்’ என்று நினைத்து வருபவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். விட்ட பிறகு வாருங்கள்.

எனக்குத் தீட்சை இல்லை. நீரில் குழைத்து மூன்று குறியாகத் திருநீறு பூசுகிறேன். உறவினர் ஒருவர் அது கூடாது என்கிறார்.
— யாழ்ப்பாணம் வாசகர்

அவர் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, தீட்சை இல்லாதவர் நண்பகலுக்குப் பின் நீர் கலவாது தரிக்க வேண்டும் என்று விதிக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்த விதி இன்றும் கண்டிப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பலரும் அறியாமலே குழைத்து இடுகிறார்கள். காலையில் நீங்கள் செய்வது விதிக்கு மாறானதன்று. மாலையில் மட்டும் உலர்ந்த திருநீற்றைப் பரவப் பூசிக்கொள்ளுங்கள்.

தீட்சை பெற்றபின் பதினாறு இடங்களில் தரிக்கும் முறையைக் குரு காட்டுவார். தலை, நெற்றி, மார்பு, கொப்பூழ், முழந்தாள் இரண்டு, புயம் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, விலா இரண்டு, முதுகு, கழுத்து. நெற்றியில் புருவக் கடை எல்லை வரை. மார்பிலும் புயங்களிலும் ஆறு அங்குலம். மற்ற இடங்களில் ஓர் அங்குலம். சுட்டுவிரல், நடுவிரல், அணிவிரல் மூன்றாலும் இட வேண்டும். குறிகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, வளையக்கூடாது. நீர் அதிகமானால் கோடுகள் ஒழுகி ஒன்றாகிவிடும். கெட்டியாகக் குழைத்தால் காய்ந்து உதிரும். உள்ளங்கையில் திருநீற்றை வைத்துச் சில துளி நீர் விட்டு, மோர் பதத்துக்குச் சற்று மேலே வரும்படி குழைத்தால் நிற்கும். கடையில் வாசனைப் பொடி கலந்து விற்கும் வெண்பொடி சரியாகக் குழைவதில்லை, சிலருக்குத் தோலையும் அரிக்கிறது. பசுஞ்சாணத்தில் சுட்டெடுத்த திருநீறு தேடி வாங்குங்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் நூற்றுக்கணக்கானவர்களோடு தீட்சை பெற்றேன். ஒரு வருடம் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். அது செல்லுமா? மறுபடியும் எடுக்க வேண்டுமா?
— சேலம் வாசகர்

செல்லும். சமய தீட்சை அழிவதில்லை. அதே தீட்சையை மறுபடி பெறவும் வேண்டியதில்லை. விட்டதற்குப் பிராயச்சித்தம் உண்டு. ஆகம மரபில் அதற்குப் பெரிதும் சொல்லப்படுவது அகோர மந்திர செபம். எத்தனை உரு, எத்தனை நாள் என்பதைக் குருவே விதிக்க வேண்டும். நீங்களாக ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தீட்சை கொடுத்தவரை, அவர் இல்லையென்றால் அவர் மடத்தில் இப்போது பட்டத்தில் இருப்பவரை, ஒரு காலை வேளையில் தாம்பூலத்தோடு போய்ப் பாருங்கள். மந்திரம் மறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அஞ்சிப் போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். திரும்பி வருகிறவரை விரட்டும் ஆசாரியர் குறைவு. நெரிசலில் உபதேசம் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் தனியே மீண்டும் கேட்டுக்கொள்ள இதுவே தருணம்.

முகாம்கள் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீட்சை நாளோடு நிறுத்திவிடாமல், அதற்கு அடுத்த நான்கு வாரம் அனுட்டான வகுப்பு வையுங்கள். யாழ்ப்பாணத்தில் பல சைவப் பாடசாலைகளில் மாணவருக்குத் தீட்சை கொடுக்கிறார்கள். பாடசாலை என்பதால் தொடர்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறது. அந்த வசதி முகாமில் இல்லை.

இணையவழியில் தீட்சை தருகிறார்கள். நயன தீட்சை, மானச தீட்சை என்று நூலிலேயே இருக்கிறதே, திரை வழியாகப் பெற்றால் என்ன?
— சிங்கப்பூர் வாசகி

நூலில் இருப்பது உண்மை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் நயனம் (பார்வை), பரிசம் (தொடுதல்), வாசகம் (சொல்), மானசம் (நினைவு), சாத்திரம், யோகம், ஔத்திரி (ஓம வழி) என்று ஏழு வகை சொல்கிறது. மீன் தன் முட்டையைப் பார்த்தும், பறவை தொட்டும், ஆமை நினைத்தும் பொரிக்கச் செய்வதுபோல் என்று மரபில் இதற்கு உவமை சொல்வார்கள். பார்வையாலேயே மாணவனின் ஆணவம் முதலிய மலங்களைக் களையும் ஆற்றல் குருவுக்கு இருக்க வேண்டும் என்பது அங்கே முன்நிபந்தனை. அந்த ஆற்றல் உள்ளவருக்குத் திரை தடையில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த ஆற்றல் அவருக்கு இருப்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்?

அனுட்டானத்துக்கும் பூசைக்கும் உரிமை தரும் சமய, விசேட தீட்சைகள் ஔத்திரி வகையைச் சேர்ந்தவை. குண்டம், மண்டலம், ஓமம் வைத்துச் செய்வது கிரியாவதி. அவற்றை மனத்தால் பாவித்துச் செய்வது ஞானவதி. இரண்டிலும் மாணவன் குருவின் முன்னே இருக்கிறான். தலையில் கை படுகிறது. கட்டணம் கட்டி, இணைப்பைத் திறந்து, முப்பது பேரோடு சேர்ந்து கேட்கும் மந்திரம் இதற்கு ஈடாகாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு நாள் ஒதுக்குங்கள். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டால் தீட்சை நாளைச் சொல்வார்கள். அதுவரை ‘நமசிவாய’ என்று சொல்லி வருவதை யாரும் தடுக்கவில்லை. ‘நாதன் நாமம் நமச்சிவாயவே’ என்று சம்பந்தர் பாடியது எல்லோருக்கும்தான்.

பெண்களுக்குத் தீட்சை உண்டா? மாதவிலக்கு நாள்களில் என்ன செய்வது? கணவர் எடுக்காமல் நான் மட்டும் எடுக்கலாமா?
— மதுரை வாசகி

உண்டு. தீட்சா நாமம் ஆண்களுக்குச் ‘சிவன்’ என்று முடிவதுபோல் பெண்களுக்குச் ‘சத்தி’ என்று முடியும். கடுமையான நியமங்களை மேற்கொள்ள இயலாதவருக்கு அவற்றைத் தளர்த்திக் கொடுக்கும் நிர்ப்பீச தீட்சை என்ற வகையை ஆகமங்கள் சொல்கின்றன. குழந்தைகள், முதியோர், நோயாளிகளோடு பெண்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சுமை குறைவு, பயன் ஒன்றே.

விலக்கு நாள்களில் நீரோடும் திருநீற்றோடும் செய்யும் அனுட்டானத்தையும் பூசையையும் நிறுத்தி வைப்பது மரபு. மனத்துக்குள் சொல்லும் மானத செபத்தைத் தொடரச் சொல்லும் குருமார்கள் உண்டு. தீட்சைக்கு நாள் குறிக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். வீட்டில் ஆன்மார்த்த பூசை இருந்தால் அந்த நாள்களில் அதைச் செய்ய வீட்டிலேயே தீட்சை பெற்ற இன்னொருவர் வேண்டும். பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து பெறுவதற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு. தனியாகப் பெறத் தடையில்லை. ஆனால் கணவர் அறியாமல் பெற வேண்டாம். வீட்டு உணவு, எழும் நேரம், பயணம் எல்லாமே மாறும். மறைத்து நடத்த முடியாது.

வைணவ சமாச்ரயணத்தில் தோளில் சூடு போடுவார்களாமே? என் மகளுக்குப் பதினொரு வயது. பயப்படுகிறாள்.
— திருவரங்கம் வாசகி

பஞ்ச சமஸ்காரம் என்று சொல்லும் ஐந்தில் முதலாவது அது. தாபம், புண்டரம், நாமம், மந்திரம், யாகம் என்று வரிசை. ஓம அக்கினியில் காய்ச்சிய சக்கர முத்திரையை வலது தோளிலும் சங்கு முத்திரையை இடது தோளிலும் ஒற்றி எடுப்பது தாபம். ஒற்றுவது கண் இமைக்கும் நேரம்தான். சுள்ளென்று இருக்கும், குழந்தைகள் பெரும்பாலும் அழுவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் தோளை இழுத்துக்கொண்டால்தான் சிக்கல்: முத்திரை நழுவி இரண்டு இடத்தில் படும். அதனால் அவளிடம் மறைக்காமல் முன்னதாகவே சொல்லி, கையைத் தளரவிட்டு நிற்கப் பழக்குங்கள். அவள் இன்னும் அஞ்சினால் ஒரு வருடம் பொறுக்கலாம். கட்டாயப்படுத்தி இழுத்துப்போக வேண்டிய சடங்கில்லை இது.

பிறகு தோலில் சிவந்த வடு இருக்கும், பொருக்குத் தட்டி உதிரும். இறுக்கமான கை வைத்த உடை, புத்தகப் பையின் பட்டை இரண்டும் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருக்கைக் கிள்ள விடாதீர்கள். பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களும், தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்களும் ஆசாரியரிடம் முன்பே சொல்ல வேண்டும். சூட்டைக் குறைத்து இலேசாக ஒற்றுவார்கள்.

மற்ற நான்கு: கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரண்டு நாமங்களைச் சொல்லிப் பன்னிரண்டு இடங்களில் திருமண் தரிப்பது புண்டரம். ‘இராமானுச தாசன்’ என்ற அடிமைப் பெயர் பெறுவது நாமம். திருவெட்டெழுத்து, துவயம், சரமசுலோகம் என்ற மூன்று வைணவ மந்திரங்களையும் குருபரம்பரையோடு உபதேசிப்பது மந்திரம். பெருமாளுக்குத் திருவாராதனம் (பூசை) செய்யும் முறையைக் கற்பிப்பது யாகம். உபதேசத்தின்போது மகளுக்கு மந்திரம் புரிந்ததா என்பதை ஆசாரியரே சொல்லச் சொல்லிச் சரிபார்ப்பார். வீட்டில் வந்து ‘என்ன சொன்னார், சொல்லு’ என்று உறவினர் முன்னால் கேட்காதீர்கள்.

வடகலையில் பரந்யாசம் என்ற சரணாகதி தனியே, பிறகு செய்யப்படும். தென்கலையில் அப்படித் தனிச் சடங்கு இல்லை. யாரிடம் பெறுவது என்றால், குடும்பத்துக்கு வழிவழியாக வரும் ஆசாரிய திருமாளிகையோ (ஆசாரியர் பரம்பரை வீடு) மடமோ இருந்தால் அங்கேயே கேளுங்கள். இராமானுசர் நியமித்த 74 சிம்மாசனாதிபதிகள் என்ற ஆசாரியர்களின் வழியில் வந்த திருமாளிகைகள் பல இன்றும் இதை நடத்துகின்றன. அந்த இராமானுசருக்கே மதுராந்தகத்தில் அவருடைய ஆசாரியர் பெரிய நம்பி பஞ்ச சமஸ்காரம் செய்துவைத்தார் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஏரி காத்த ராமர் கோயிலுக்கு ஒருமுறை அழைத்துப் போய் வந்தால் அச்சம் பாதி போகும்.

ஒருவர் எனக்குத் தீட்சை தருவதாகச் சொல்கிறார். பெரிய தொகை கேட்கிறார். வேறு யாரிடமும் போகக்கூடாது, வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்கிறார். குருவைச் சோதிப்பது பாவம் என்கிறார்கள். என்ன செய்வது?
— கோயம்புத்தூர் வாசகர்

போகாதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு குருவைச் சந்தேகிக்கக்கூடாது என்றுதான் பெரியோர் சொன்னார்கள். ஏற்பதற்கு முன் ஓராண்டாவது உடனிருந்து ஒருவரை ஒருவர் அறிய வேண்டும் என்பது பழைய வழக்கம். குருவும் மாணவனைச் சோதிப்பார். உங்களை ஒன்றுமே விசாரிக்காமல் தீட்சை தர முன்வருகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

கேட்க வேண்டியவை எளியவை. உங்கள் குரு யார், அவருக்கு யார் குரு? ஆசாரியாபிஷேகம் எங்கே ஆயிற்று? எந்தப் பத்ததியைப் பின்பற்றுகிறீர்கள்? தீட்சைக்குப் பின் அனுட்டானம் சொல்லித் தருவீர்களா? மரபில் வந்தவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். குருபரம்பரையை நாள்தோறும் வணக்கத்தில் சொல்கிறவர் அவர். உங்களுக்கு முன் அவரிடம் தீட்சை பெற்ற நான்கைந்து பேரைச் சந்தித்து, தினமும் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அனுட்டானத்தைப் பற்றிப் பேசாமல் அவரது அற்புதங்களைப் பற்றியே பேசினால் விலகிவிடுங்கள்.

தட்சணை உண்டு; ஓமத் திரவியங்களுக்குச் செலவும் உண்டு. மடங்களில் அதைக் குறைந்த தொகையாக வெளிப்படையாகச் சொல்வார்கள், இயலாதவரிடம் கேட்பதே இல்லை. மந்திரம் இரகசியம்; தீட்சை பெறுவது இரகசியம் அன்று. வீட்டாரிடம் மறை என்று சொல்கிறவரும், சொத்தை எழுதிவை என்கிறவரும், பெண்களைத் தனியே வரச் சொல்கிறவரும் எந்த ஆகமத்தையும் பின்பற்றவில்லை. சாதி கேட்டு மறுக்கிறவரையும் விட்டு விலகுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்காகவே போய் உட்காராதீர்கள். பணம் போனால் போகட்டும்.

குரு கிடைக்கும் வரை தட்சிணாமூர்த்தியையே குருவாகக் கொள்ளலாமா?
— திருவண்ணாமலை வாசகர்

கொள்ளலாம். உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது: இரமண மகரிஷி அருணாசலத்தையே தம் குருவாகச் சொன்னார், மந்திர உபதேசம் என்ற சடங்கை அவரும் யாருக்கும் நடத்தவில்லை. தியானமும் துதியும் இந்த வழியில் தடையின்றி நடக்கும். அனுட்டானம், ஆன்மார்த்த பூசை போன்றவற்றை மட்டும் கண்முன் இருக்கும் ஒரு குருவிடம் பெற்றபின் தொடங்குங்கள்.

தாத்தா செபம் செய்த உருத்திராட்ச மாலை வீட்டில் இருக்கிறது. நான் தீட்சை பெறப்போகிறேன். அதையே பயன்படுத்தலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

ஒருவர் செபித்த மாலையை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தீட்சை நாளில் குருவிடம் கொடுத்துச் சுத்தி செய்து வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப மாலை என்றால் பெரும்பாலும் ஏற்பார்கள்.

அதற்கு முன் மணிகளைப் பாருங்கள். புழு அரித்தது, வெடித்தது, முகக்கோடு தேய்ந்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீதி மணிகள் 108 வராவிட்டால் 54 அல்லது 27 ஆகக் கோக்கலாம். புது மணி சேர்ப்பதென்றால் அதே பருமன் வேண்டும். அழுக்கு நீங்க வெந்நீர் ஊற்ற வேண்டாம், மணி பிளக்கும். ஆறிய நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் தேய்த்து, நிழலில் உலர்த்தி, துளி நல்லெண்ணெய் தடவித் துடையுங்கள். கோக்கும்போது முகத்தோடு முகம், அடியோடு அடி பொருந்த வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சு இடுங்கள். இல்லையென்றால் மணியோடு மணி உரசித் தேயும். மாலையின் தலைமணியான நாயகமணி தனியே நிற்கட்டும். செபத்தில் அதைக் கடக்கக்கூடாது. அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும்.

கழுத்தில் அணிவதற்கு வேறு மாலை வைத்துக்கொள்ளுங்கள். செபமாலையைத் துணிப் பையில் இட்டுப் பூசை அறையிலேயே வையுங்கள். செபிக்கும்போது கையையும் மாலையையும் ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் துணியை வாரம் ஒருமுறை நீங்களே துவையுங்கள்.